படலுக்கு அந்தப் பக்கம் தொங்கிய கை

என் மகனுக்குக் கை பிசகியபோது நான் அவனுக்கு எதிரிலேயேதான் இருந்தேன். முகம் கோணியதைப் பார்த்தேன். அழுகை வருவதற்கு முன்னால் வாய் மட்டும் திறந்து, சத்தம் வராமல் அவன் நின்றதையும் பார்த்தேன். ஓடிப்போய்த் தூக்கத்தான் முடியவில்லை. எனக்கும் அவனுக்கும் நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு கிளுவை வேலி, அதில் மூங்கில் கட்டிய ஒரு படல். ஆடு முட்டினாலே திறந்துகொள்ளும் படல் அது. அதை நான் திறக்கக் கூடாது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. மீனாட்சிபுரத்தை ஒட்டி, எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் எங்கள் தோட்டத்து வீடு. பொள்ளாச்சி பஸ்ஸின் ஹாரன் வாசலுக்குக் கேட்கும். வரி கட்டுவதும் மனுக் கொடுப்பதும் மலையாளத்தில். பெண் எடுப்பதும் கொடுப்பதும் சண்டை போடுவதும் கோயமுத்தூர்ப் பேச்சில். நான் உடுமலைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்தபோதே மாமனார் மாமியார் இல்லை. வீட்டை நடத்தியது என் கணவரின் அக்கா. சின்ன வயதில் தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். அவள் குரல் கேட்டால் கட்டுத்தரையில் மாடுகூட அசைபோடுவதை நிறுத்தும். அவளைக் கெட்டவள் என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். என் மகனுக்குப் பாதித் தாய் அவள்தான். மூன்று வயது நிறையாத அவன், நான் ஒரு கவளம் ஊட்டினால் அவள் கையால் இன்னொரு கவளம் வாங்கித்தான் சோற்றை முடிப்பான்.

மாதவிலக்கு நாள்களில் நான் வீட்டுக்குத் தூரம். அது அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். பின்வாசல் ஓரத்தில் ஒரு பாய், தனி வட்டில், தனிச் சொம்பு. அதிலும் பிள்ளை பெற்றவளுக்கென்று ஒரு சலுகை இருந்தது. தீட்டு துணியில்தான் ஏறும், பச்சைப் பிள்ளையின் தோலில் ஏறாது என்பார்கள். அதனால் மாதாமாதம் அந்த நாள்களில் என் மகன் அம்மணமாக என் மடியில் கிடப்பான். உள்ளே எடுக்கும்போது தலையில் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர் ஊற்றினால் போதும். அவனுக்கு அது திருவிழா மாதிரி. துணியே போடாமல் ஊரை வலம் வரலாமே!

அந்த வருடம் மாரியாத்தா நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, பூவோடு எடுப்பதாக என் கணவர் வேண்டிக்கொண்டு காப்புக் கட்டியிருந்தார். தீச்சட்டி ஏந்திக் கோயிலைச் சுற்றி வருவதைத்தான் பூவோடு என்பது. காப்புக் கட்டிய வீட்டில் தாளிக்கக் கூடாது. காப்புக் கட்டியவர் நோம்பி முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. வீட்டுக்குள் இங்கிலீஷ் மருந்து, ஊசி எதுவும் வரக் கூடாது. வீட்டுப் பெண் தூரமாகிவிட்டால் அவள் நிழல்கூட வாசலில் விழக் கூடாது. பஞ்சாங்கம் பார்த்து நடந்துகொள்ளும் புத்தி என் உடம்புக்கு என்றைக்குமே கிடையாது. அந்த மாதமும் நாள் தவறி முன்னாலேயே வந்து நின்றது.

நங்கையா ஒரு வார்த்தை திட்டவில்லை. பாயைச் சுருட்டிக் களத்துக்கு அந்தப் பக்கம் இருந்த சாளையில் போட்டாள். ஓலை வேய்ந்த சின்னக் குடிசை அது. உடைந்த கலப்பை, வடக்கயிறு, சாக்கு, எலி, நான். சாளையைச் சுற்றி அந்தக் கிளுவை வேலி. பிள்ளைக்கான சலுகையும் அந்தத் தடவை கிடையாது என்று சொல்லிவிட்டாள். "காப்பு இருக்கற ஊட்டுல அதெல்லாம் ஆகாது அம்மிணி. அவன நான் பாத்துக்கறேன். நீ காலை நீட்டி உக்காரு."

காலை நீட்டித்தான் உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய? விதைக் கடலையைத் தொடக் கூடாது, மாட்டுக்குத் தீனி போடக் கூடாது, கிணற்றுப் பக்கம் போகக் கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு நாழி சும்மா இருக்கமாட்டோமா என்று ஏங்கியவள் நான். சும்மா இருப்பது எத்தனை பெரிய தண்டனை என்று அந்தச் சாளை எனக்குக் காட்டிக் கொடுத்தது. வீடு கண்முன்னால் இருந்தது. அடுப்புப் புகை தெரிந்தது. பிள்ளை சிரிப்பது கேட்டது. எல்லாம் என் வீட்டில் நான் இல்லாமலே ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

இரண்டாம் நாள் காலையில் நங்கையா களத்தில் கடலைக்காய் காயப் போட வந்தாள். கூடவே மகனும் வந்தான். சட்டையும் டவுசரும் போட்டுத் தலைசீவி, பவுடர் பூசி, அழகாக்கி விட்டிருந்தாள். அவன் என்னைப் பார்த்துவிட்டான். கையிலிருந்த கடலையெல்லாம் கீழே சிந்த ஓடி வந்தான்.

"வராத சாமி, அங்கயே நில்லு" என்று வாய் சொன்னது. கை தானாக நீண்டுவிட்டது.

அவன் படலின் மேல் விழுந்து, மூங்கில் இடுக்கில் வலது கையை உள்ளே விட்டான். அதற்குள் நங்கையா முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து, அந்தக் கையின் மணிக்கட்டைப் பற்றி ஒரே இழுப்பாக இழுத்தாள். கோபத்தில் இல்லை. கிணற்று மேட்டில் ஏறிய பிள்ளையை எப்படி இழுப்போமோ அப்படி. அவன் கால் இரண்டும் தரையை விட்டு எழும்பி இறங்கின. என் விரலில் அவன் விரல் பட்டதா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

அப்புறம்தான் அந்த அழுகை வந்தது. விழுந்து எழுந்து அழுகிற அழுகை இல்லை. நங்கையா அவனை இடுப்பில் தூக்கி, காக்காய் காட்டினாள், மாடு காட்டினாள். மடியிலிருந்து வெல்லத்துண்டு எடுத்து நீட்டினாள். அழுதுகொண்டே அவன் அதை இடது கையால் வாங்கினான். வலது கை அவன் பக்கத்தில் சும்மா தொங்கியது. முழங்கை கொஞ்சம் மடங்கி, உள்ளங்கை உள்பக்கம் திரும்பி, வேறு யாருடையதோ கையை அவன் உடம்பில் மாட்டிவிட்டதுபோல.

"நங்கையா, வலது கையத் தூக்கச் சொல்லுங்க!"

"பயந்துட்டான் அம்மிணி. வேற ஒண்ணுமில்ல."

"கை தொங்குதுங்க. எனக்கு இங்கிருந்தே தெரியுது."

அவள் அந்தக் கையை மெல்லத் தொட்டாள். தொட்ட மாத்திரத்தில் அவன் வீரிட்டான். நங்கையாவின் முகம் வெளுத்தது. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். களத்தில் கடலைக்காயும் நானும் வெயிலில் கிடந்தோம்.

அந்த நேரத்தை நான் எப்படித் தள்ளினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உள்ளே அழுகை உயர்வதும் அடங்குவதும் கேட்கும். அடங்கினால், தூங்கிவிட்டானா மயங்கிவிட்டானா என்று பதறும். உயர்ந்தால், உயிரோடு இருக்கிறான் என்று ஒரு கேவலமான நிம்மதி வரும். வேலியோரமாக நடந்து நடந்து ஒரு தடமே விழுந்துவிட்டது. செக்குமாட்டுக்காவது கண்ணைக் கட்டிவிடுவார்கள்.

கொஞ்ச நேரத்தில் என் கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு வந்தார். நங்கையா பின்னாலேயே வந்தாள். புளியும் உப்பும் கொதிக்கவைத்து முழங்கையில் பத்துப் போட்டு, துண்டால் கழுத்தோடு தொட்டில் கட்டியிருந்தாள். வீக்கம் இல்லை, வெளிக்காயம் இல்லை, ஆனால் கையை அசைக்கவே மாட்டேனென்கிறான் என்றார் அவர். இதையெல்லாம் அவர் வேப்பமரத்தைப் பார்த்துச் சொன்னார். காப்புக் கட்டியவர் தூரமான பெண்டாட்டி முகத்தைப் பார்த்துப் பேசக் கூடாது. அந்த மரத்துக்குப் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் என்னைவிட நன்றாகவே சொல்லியிருக்கும்.

"ஏனுங்க, ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க."

"காப்புக் கட்டியிருக்கனே புள்ள. எல்லை தாண்ட முடியுமா?"

"அப்ப நான் போறேன். பிள்ளையக் கீழ விட்டுட்டுத் தள்ளி நில்லுங்க. நாந் தூக்கிட்டுப் பஸ்ஸேறிர்றேன்."

அவர் மரத்தையே பார்த்தார். பதில் சொன்னது நங்கையா.

"போ. ஆரு வேண்டாங்கறா? ஆத்தா காப்பு இருக்கற ஊட்டுப் பிள்ளையத் தீட்டோட தூக்கிட்டுப் போயி ஊசி போட்டுட்டு வா. நாளைக்கு அவனுக்கே முத்துப் போட்டா ஆரப் போயிக் கேப்ப?"

முத்து என்றால் அம்மை. அந்தச் சொல்லைக் கேட்டதும் என் கால் நின்ற இடத்தில் நின்றுவிட்டது. முந்தின வருடக் கோடையில் எங்கள் வண்டித்தடத்து வீடு ஒன்றில் ஒரு குழந்தைக்கு அம்மை போட்டு உடம்பெல்லாம் கொப்பளித்ததைப் பார்த்தவள் நான். பெரியம்மையை ஒழித்தாயிற்று, பயப்பட வேண்டாம் என்று சர்க்கார் ஆசுபத்திரிச் சுவரில் மலையாளத்தில் எழுதியிருந்ததாகச் சொன்னார்கள். ஆத்தாளுக்கு மலையாளம் படிக்கத் தெரியுமா என்று யாருக்குத் தெரியும்?

இப்போது என் மருமகள் கேட்கிறாள், ஒரு படலைத் தள்ளிவிட்டுப் போக உங்களுக்கு என்ன அத்தை என்று. படலைத் தள்ளியிருப்பேன். நங்கையாவைத் தள்ளியிருப்பேன். கட்டிய கணவரைக்கூட மரத்தோடு சேர்த்துத் தள்ளியிருப்பேன். நான் தொட்டதால் அவனுக்கு முத்துப் போட்டுவிடுமோ என்ற பயத்தை எங்கே தள்ளுவது? அது வேலிக்கு அந்தப் பக்கமா இருந்தது? என் வயிற்றுக்குள் அல்லவா இருந்தது. பிள்ளைக்காகத்தான் போகத் துடித்தேன், அதே பிள்ளைக்காகத்தான் நின்றேன். இதைச் சொன்னால் அவளுக்குப் புரிவதில்லை. புரியாமலே இருக்கட்டும்.

வெயில் ஏறியது. வேப்பமர நிழலில் கட்டிலைப் போட்டு, கணவர் அவனை மடியில் வைத்துக்கொண்டார். தூங்கினால் வலி தெரியாது என்று தட்டிக்கொடுத்தார். அவன் தூங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு, "அம்மா தூக்கு, அம்மா தூக்கு" என்றான். நான் கண்ணில் படாமல் இருந்தால் அடங்குவான் என்று நினைத்துச் சாளைக்குள் போனேன். காணோமே என்று இன்னும் கூச்சல். வெளியே வந்தேன். தூக்கவில்லையே என்று கூச்சல். உள்ளே போனாலும் தப்பு, வெளியே வந்தாலும் தப்பு. கடைசியில் பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாக சாளை வாசலில் சாய்ந்து நின்றேன். அந்த நிலையில் நாலு பேர் என்னைப் பார்த்திருந்தால் பைத்தியம் என்று எழுதியே கொடுத்திருப்பார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பழைய சலுகை நினைவுக்கு வந்தது.

"நங்கையா, துணியிலதானுங்களே தீட்டு? சட்டை டவுசரக் கழட்டிட்டு வெறும் உடம்போட விடுங்க. மாசாமாசம் விடறதுதானுங்களே. நான் பஸ்ஸெல்லாம் ஏறலீங்க. ஊசியும் வேண்டாம். இங்கயே, இந்தப் பாய்ல, மடியில போட்டுக்கறேன். தூங்கட்டுமுங்க."

"காப்பு இருக்கு அம்மிணி."

"பிள்ளைக்கு எதுக்குங்க காப்பு? அவனா பூவோடு எடுக்கறான்?"

என் கணவர் அப்போது செய்த காரியத்துக்காகவே அவருடைய மற்ற தப்பையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன் என்று சொல்லலாம். மரத்திலிருந்து முகத்தைத் திருப்பி, அக்காவை நேராகப் பார்த்து, "அக்கா, விட்ரு. எனக்குத் தாங்கல" என்றார். அக்காவை எதிர்த்து அவர் பேசி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

நங்கையா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வையா கண்ணீரா, அது அவளுக்குத்தான் தெரியும். இழுத்த கை அவளுடையது என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததே அவளை அரித்துக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன்.

"செரி. ஆத்தாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். கழட்டி விடறேன். ஆனா மஞ்சத்தண்ணி ஊத்தாம உள்ள எடுக்க மாட்டேன்."

நான் ஓடிப்போய்ப் பாயை உதறி, படலுக்கு நேரே விரித்தேன். சொம்புத் தண்ணீரில் கை கழுவி, முந்தானையில் துடைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பெண் பார்க்க வந்த அன்றுகூட அத்தனை அடக்கமாக உட்கார்ந்ததில்லை. மடி காத்துக்கொண்டிருந்தது.

நங்கையா துண்டுத் தொட்டிலை அவிழ்த்தாள். டவுசரைக் கழற்றினாள். சட்டைப் பொத்தான்களை விடுவித்தாள். இடது கை சுலபமாக வந்துவிட்டது. வலது கைக்கு வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முழங்கையை ஒரு கையால் தாங்கி, மறு கையால் அவன் உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி, கையைத் தோளுக்கு மடக்கி, சட்டைக் கையிலிருந்து உருவினாள். அவன் ஒரு கத்துக் கத்தினான். சுட்டதுபோல அவள் கையை விட்டுவிட்டாள். நான் எழுந்துவிட்டேன்.

அழுகை நின்றுவிட்டது. மூன்று பேரும் அவனையே பார்த்தோம். அவன் யாரையும் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தான். பிறகு அந்தக் கையை, வலது கையைத்தான், மெதுவாக மேலே கொண்டுபோய்ப் புறங்கையால் மூக்கைத் துடைத்தான்.

"ஆத்தா!" என்று அலறினாள் நங்கையா. என் கணவர் வெல்லத்துண்டை அவன் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். எட்டி வலது கையால் பிடுங்கினான். அவர் சிரித்தார், நங்கையா அழுதாள், நான் வேலியைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் செய்தேன்.

பிறகு பாயில் மறுபடி உட்கார்ந்து கையை நீட்டினேன்.

"விடுங்க நங்கையா, வரட்டும்."

அவள் கீழே கிடந்த சட்டையை எடுத்து உதறினாள்.

"கைதான் நல்லாயிருச்சே அம்மிணி. இனி எதுக்கு வீணாத் தீட்டு? ஆத்தாளே கண் தொறந்துட்டா. நாம அவளச் சோதிக்க வேண்டாம்."

சட்டையை மாட்டினாள். எல்லாப் பொத்தானையும் போட்டாள். டவுசரையும் மாட்டி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். கணவர் ஒரு தரம் என்னை நேராகப் பார்த்தார், பார்க்கக் கூடாது என்பதையும் மறந்து. பிறகு கட்டிலைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போய்விட்டார்.

எனக்குச் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் அது பொய். என் பிள்ளைக்குக் கை திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, என் மடிக்கு வந்த பிறகு, அந்தக் கை சரியாகியிருக்கக் கூடாதா என்றும் ஒரு நினைப்பு வந்தது. பெற்றவளுக்கு வரக்கூடாத நினைப்பு என்று யாராவது சொன்னால், அவர்கள் வந்து அந்தச் சாளையில் ஒரு பகல் உட்கார்ந்து பார்க்கட்டும். விரித்த பாயில் அப்படியே படுத்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன்.

வெகு காலம் கழித்து ஒரு டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் முழங்கையில் எலும்பு நழுவுமாம். இப்படித் திருப்பி மடக்கினால் சேர்ந்துகொள்ளுமாம். அடிக்கடி நடப்பதுதான், பின்னால் ஒரு குறையும் வராது என்றார். கைக்கு ஒரு குறையும் வரவில்லை, அது வாஸ்தவம்.

என் தீட்டு நாள் கணக்கு முடிந்த காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, மஞ்சள் பூசி, மாற்றுச் சேலை கட்டி, படலை நானே திறந்து களத்தைக் கடந்தேன். மகன் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நங்கையாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சாமி, ஆரு வந்திருக்கறா பாரு! ஓடு, ஓடு!"

ஓடித்தான் வந்தான். எனக்குக் கையெட்டும் தூரத்துக்கு வந்து, கயிற்றின் நீளம் தெரிந்த கன்றுக்குட்டி மாதிரி நின்றான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டான்.

"வா கண்ணு. அம்மா குளிச்சிட்டேன். இனித் தொடலாம்."

அவன் திரும்பி அத்தையைப் பார்த்தான்.

"வேண்டாம். கை நோகும்" என்றான்.

நங்கையாவின் சிரிப்பு அப்படியே நின்றது. "அத்தை ஒண்ணுஞ் செய்ய மாட்டேன் சாமி. போ, அம்மாகிட்டப் போ" என்றாள். அவனை முன்னால் தள்ளப் போன தன் கையைப் பாதியில் இழுத்து, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

எட்டிப் பிடித்து ஒரு இழு இழுத்தால் மடிக்கு வந்துவிடுவான். தீட்டு இல்லை, வேலி இல்லை, தடுக்க ஆளும் இல்லை. இழுக்க எனக்குக் கை வரவில்லை. அவனாக வரட்டும் என்று வாசல் மண்ணிலேயே உட்கார்ந்தேன். என் ஈரத் தலை காய்ந்துபோனது. அவன் வரவும் இல்லை, அந்த இடத்தை விட்டுப் போகவும் இல்லை.